கைநாட்டு ராசா

எங்கள் தையல் கூடத்து வாசல் புத்தகத்தில் பதினெட்டு வருஷம் கைநாட்டு வைத்த ஓர் ஆளுக்கு நாலு பாஷை எழுதப் படிக்கத் தெரியும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் பெயருக்கு நேராக ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று எழுதியவன் நான்தான். அஞ்சாவதோடு நின்றவன் கை எப்படிப் போகுமோ அப்படிக் கோணலாக அந்த வரி இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

ஆள் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கென்று இருந்த ரெண்டு பேரும் முன்னாலேயே போயாயிற்று. கூடத்தில் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் சிரிக்கிற மாதிரி நாலு கதை சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். சிரிக்க முடியாத கதை ஒன்று என்னிடம் கிடக்கிறது. அதை எழுதிவிட்டால் தேவலை.

அவர் வேலைக்கு வந்தது போர் தொடங்க நாலு வருஷம் முன்னால். அப்போது நான் மேஸ்திரி இல்லை. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குகிற ஆள். ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒல்லியாக ஒருத்தர் வந்து நின்றார். நல்ல துணிக் கோட்டு, ஆனால் முழங்கை இரண்டும் தேய்ந்து உள்துணி எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் வயசான ஒருத்தர், குடையைத் துப்பாக்கி மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.

காஜாத் தையலுக்கு ஆள் வேண்டியிருந்தது. பெயர் கேட்டேன். ஒல்லி ஆள் சொன்னார். ரயில் வண்டி மாதிரி நீளம். பாதி எழுதி நிறுத்திக்கொண்டேன்.

“கையெழுத்துப் போடுங்க.”

அவர் பேனாவைத் தொடவில்லை. பெரியவர் முன்னால் வந்தார். “இவர் கையெழுத்துப் போட மாட்டார்.”

“தெரியாதா, மாட்டாரா?”

“மாட்டார்.”

“அப்ப காஜா மட்டும் போடுவாராக்கும்.”

ஒல்லி ஆள் சிரித்துவிட்டார். “விரல் வெச்சா ஒத்துக்குவீங்களா?”

விரல் வைத்தால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பெயருக்கு நேராக எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எழுதி, வாசல் ஆள் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசை தெருவரைக்கும் நிற்கிறது. மணி அடிக்கப்போகிறது. எனக்கு என்ன போச்சு. எழுதினேன், போட்டேன். அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். கைநாட்டு வைக்கிறவர்கள் அழுத்துகிற அழுத்தில் காகிதம் குழியும். அவர் பூவைத் தொடுகிற மாதிரி வைத்தார். ரேகை அத்தனையும் தெளிவாக விழுந்தது.

அவர் யார் என்பது ரெண்டு மாதத்தில் கூடம் முழுக்கத் தெரிந்துபோனது. கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு நாடு. அங்கே அவருடைய அப்பா ராசா. சொந்தத் தளபதியே அப்பாவைச் சுட்டுவிட்டு நாற்காலியில் ஏறிக்கொண்டான். பட்டத்துப் பிள்ளைக்கு அப்போது பதினேழு வயசு. தாய்மாமன் அவரைக் காரில் அள்ளிப் போட்டுத் துறைமுகம் வந்து, கப்பல் பிடித்து இங்கே இறங்கினார். கொண்டுவந்த நகையை விற்றுப் பத்து வருஷம் சாப்பிட்டார்கள். அதுவும் தீர்ந்த பிறகுதான் எங்கள் வாசலுக்கு வந்தது.

ராசா என்று பெயர் வைத்தவள் பட்டன் அக்கா. அவருக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறவள். நாக்கில் ஊசி இருக்கும் அவளுக்கு.

“என்ன ராசா, அரண்மனையில எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்தான் அக்கா. கூரை ஒழுகுது, மத்தபடி குறையில்லை.”

“ஒழுகுற இடத்துல மந்திரியை நிக்கச் சொல்லுங்க. சும்மாதானே நிக்கிறாரு.”

மந்திரி என்றால் தாய்மாமன். அவர் நிற்பது நிஜம். அவர்கள் வீட்டுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். கூடத்துக்கு ரெண்டு தெரு தள்ளி, அச்சாபீசுக்கு மேலே ஒரே அறை. கீழே மிஷின் ஓடினால் மேலே தட்டு நடுங்கும். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரே ஒரு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் பட்டம் கட்டுகிற அன்றைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சிவப்புப் பட்டு அங்கி, அரச முத்திரை. மேலே காய்கறியும் சோப்பும் இருக்கும். ராசா நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மந்திரி உட்கார மாட்டார். மருமகன் முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம். கட்டிலிலும் உட்கார மாட்டார். எழுபது வயசு மனுஷன் சுவரில்கூடச் சாயாமல் நின்றுகொண்டு, தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார். அவருக்காகவே ராசா அரைகுறையாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

கையெழுத்துச் சங்கதியும் மந்திரியுடையதுதான். அவர்கள் வம்சத்தில் அப்படி ஒரு முறை. பட்டத்துக்கு வரப்போகிறவன் தன் முதல் கையெழுத்தைப் பட்டம் கட்டுகிற அன்றைக்குத்தான் காகிதத்தில் போட வேண்டும். அதற்கு முன்னால் எங்கே போட்டாலும், அந்தக் காகிதம் யாருடையதோ அவனுக்கு அடங்கினவன் ஆகிவிடுவான். பட்டம் அதோடு போச்சு. அதற்காக ஆறு வயசிலிருந்து தினம் ஒரு மணி நேரம் ஸ்லேட்டில் கையெழுத்துப் பழக்குவார்களாம். எழுதின உடனே அழித்துவிட வேண்டும்.

“எத்தனை தடவை எழுதியிருப்பீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“லட்சம் இருக்கும். ஒண்ணுகூட மிச்சம் இல்லை.”

சில நாள், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து மேஜையில் ஏதோ சுழிப்பார். மூணு வளையம், ஒரு நீளக் கோடு. நான் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் துடைத்துவிடுவார். அந்தக் கைப்பழக்கம்தான் காஜாவுக்கு உதவியது. காஜா என்பது பட்டன் நுழைகிற துளையைச் சுற்றிப் போடுகிற நெருக்கத் தையல். ஒரு தையல் தள்ளிப்போனால் துளை வாயைப் பிளக்கும். அவர் போட்ட காஜா ஒன்றைக்கூட நான் பிரிக்கச் சொன்னதில்லை.

போர் வந்ததும் புதுச் சட்டை தைப்பது நின்றது. பழைய சட்டை மூட்டை மூட்டையாக வந்தது. செத்தவன், அடிபட்டவன் சட்டைகள். காரம் போட்டு வெளுத்து அனுப்புவார்கள், ஆனாலும் கறை தேத்தண்ணி நிறத்தில் நிற்கும். குண்டு போன இடத்துக்கு உள்பக்கம் ஒட்டுப்போட்டு, திரும்பவும் உயிரோடு இருக்கிறவனுக்கு அனுப்ப வேண்டும். ஓட்டையைவிடக் காஜா வேலைதான் அதிகம். அடிபட்டவன் சட்டையை யாரும் நிதானமாகப் பட்டன் கழற்றி எடுப்பதில்லை. ரெண்டு கையால் பிடித்துக் கிழிப்பார்கள். பட்டன் பிய்ந்து, காஜா கிழிந்து வரும். ராசாவுக்கு நிமிர நேரம் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் நான் மேஸ்திரி ஆனேன். எப்படி ஆனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராணுவத்திலிருந்து வாரத்துக்கு ரெண்டு சுற்றறிக்கை வரும். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். எனக்கு எழுத்து ஓடும், அர்த்தம் ஓடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராசா மேஜையில் கொண்டுபோய் வைப்பேன். அவர் ரொட்டியை மென்றுகொண்டே பார்த்துவிட்டு, “முதுகுல ஓட்டைன்னா ஒட்டுப்போடச் சொல்றான், கழுத்துலன்னா தூக்கிப் போடச் சொல்றான். அவ்வளவுதான்” என்பார். நான் போய் முதலாளியிடம் நானே படித்த மாதிரி ஒப்பிப்பேன். விவரமான ஆள் என்று பெயர் வந்தது. மேஸ்திரி நாற்காலி வந்தது.

ஒருநாள் வந்த சுற்றறிக்கையைப் பார்த்து அவர் சிரித்தார்.

“மேஸ்திரி, இது நம்ம ரெண்டு பேருக்காகவே எழுதியிருக்கான். ராணுவ வேலை நடக்குற இடத்துல பதிவேட்டுல பொய் எழுதினா எழுதினவனுக்கு ஏழு வருஷம்.”

“மாத்திடலாமா?” என்றேன்.

“மாத்தினா நான் கையெழுத்துப் போடணும். நான் போட்டா மாமா சாப்பிடுறதையே நிறுத்திடுவார். விடுங்க, யாரு பாக்கப் போறா.”

யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானும் விட்டேன். அந்தச் சுற்றறிக்கை சிவப்பு எழுத்தில் எல்லா ஆபீஸ் சுவரிலும் ஒட்டப்பட்டது.

போரின் மூன்றாம் வருஷம் ராசாவின் நாட்டுக்குள் எதிரிப் படை புகுந்தது. அங்கிருந்து ஒரு கப்பல் நிறைய ஜனங்கள் தப்பி எங்கள் துறைமுகத்துக்கு வந்தார்கள். துறைமுகம் ராணுவத்துக்கு வேண்டும், கப்பல் நிற்கக்கூடாது என்று உத்தரவு. அஞ்சு வருஷமாக இங்கே குடியிருக்கிற சொந்தக்காரர் யாராவது ஒருத்தருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்த ஒருத்தரை மட்டும் உள்ளே விடுவார்கள். மற்றவர்கள் வியாழக்கிழமை மத்தியானம் அதே கப்பலில் திரும்பப் போக வேண்டும். வந்தவர்கள் பெயர்ப் பட்டியலைத் தபாலாபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை ராசா மத்தியானத்துக்கு மேல்தான் வேலைக்கு வந்தார். அவர் தாமதமாக வந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

“என் தங்கச்சி பேர் பட்டியல்ல இருக்கு” என்றார்.

“தங்கச்சியா? சொல்லவே இல்லையே.”

“சொல்ற மாதிரியா விட்டுட்டு வந்தோம்.”

அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். அப்பாவைச் சுட்ட அன்று வந்த கார் சின்னது. ஓட்டுநர், மாமா, அவர், பிறகு ஒருத்தர் உட்கார இடம். ஆறு வயசுத் தங்கை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மந்திரி தகரப் பெட்டியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தார். பொண்ணை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள், பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்றார். பதினேழு வருஷமாக ராசா காலையில் கண் விழித்தால் எதிரில் தெரிவது அந்தப் பெட்டிதான்.

“பாத்தீங்களா?”

“கம்பிக்கு அந்தப்பக்கம் நின்னா. யாரோ ஆம்பளையோட கோட்டைப் போட்டிருக்கா. என்னை ‘வாங்க’ன்னு கூப்பிட்டா, மேஸ்திரி. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுற மாதிரி.”

“என்ன கேட்டா?”

“ஒண்ணும் கேக்கல. ‘பெட்டி பத்திரமா இருக்கா’ன்னு மட்டும் கேட்டா.”

பட்டன் அக்கா நூலை அறுக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு சொன்னாள், “போய்க் கையெழுத்தைப் போட்டுக் கூட்டிட்டு வாங்க ராசா. அந்த நாடும் வேணாம், கிரீடமும் வேணாம். அரண்மனையில ரெண்டு பேருக்கு மூணு பேரு.”

ஜாமீன் காகிதத்தில் கைநாட்டுச் செல்லாது. படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் ‘இந்த அரசாங்கத்துக்கு அடங்கி நடப்பேன்’ என்று எழுதியிருக்கிற காகிதத்தில்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நானும் அவரோடு அறைக்குப் போனேன். தனியாகப் போகப் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். மந்திரி வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்.

“நாளைக்குக் கையெழுத்துப் போடப்போறேன் மாமா.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க. எதிரி உள்ள வந்துட்டான். அவனைத் துரத்தினதும் ஜனங்க யாரைத் தேடுவாங்க? உங்களைத்தான் தேடுவாங்க. இவ்வளவு காலம் காப்பாத்தினதை நாலு மாசம் பொறுக்காம விடுறீங்களே.”

“அவளைக் கப்பல்ல ஏத்திருவாங்க, மாமா. வியாழக்கிழமை.”

“கஷ்டமாத்தான் இருக்கும். ராசாவா இருக்குறது கஷ்டம்தான்.”

“பெட்டிக்கு இடம் இருந்துச்சு. அவளுக்கு இல்லை. இந்தத் தடவை பெட்டியை இறக்கி வைக்கிறேன்.”

மந்திரி நடந்துபோய் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ராசாவுக்குப் புரிந்தது, எனக்கே புரிந்தது. ராசா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. ஜாமீன் போடுகிறவரின் வேலையிடத்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேஸ்திரி உடனே வர வேண்டும் என்றார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். ஓடுகிறபோது அந்த வரி எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. சத்தியமாக இல்லை.

பழைய சுங்கச்சாவடியில் ஆபீஸ். மேஜைக்கு அந்தப்பக்கம் அதிகாரி. இந்தப்பக்கம் ராசா, விரலில் மை. மேஜையில் ஜாமீன் காகிதம். அதன் அடியில் அந்தக் கையெழுத்து. மூணு வளையம், அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நீளக் கோடு. அப்படி ஒரு கையெழுத்தை நான் எந்தக் காகிதத்திலும் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் பெரிய கோட்டுப் போட்ட ஒரு பெண், ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றி அப்படியே ராசாவின் நெற்றி.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். ஏழு வருஷத்து ரேகைகள். முதல் பக்கத்துக்குப் போய் நின்றார்.

“இந்தக் கையெழுத்து யார் போட்டது?”

“நான்தான்” என்றார் ராசா.

“இதுல எழுதப் படிக்கத் தெரியாதுன்னு இருக்கு.”

“அது எங்க வீட்டு வழக்கம் சம்பந்தப்பட்டது. எனக்குத் தெரியும்னு மேஸ்திரிக்குத் தெரியும். கேளுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “வெளிநாட்டு ஆள். ராணுவ வேலை. ஏழு வருஷமா படிக்கத் தெரியாத மாதிரி நடிச்சிருக்கான். உங்க கூடத்துக்கு வர்ற காகிதம் எல்லாம் இவன் கண்ணுல பட்டிருக்கும். இவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?”

அவர் தலைக்கு மேலே சுவரில் சிவப்பு எழுத்து. அதைப் படிக்க எனக்கு ராசா வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தார். ஏழு வருஷம். வீட்டில் ரெண்டு பெண் குழந்தைகள், மூணாவது வயிற்றில்.

“தெரியாதுங்க” என்றேன்.

ராசா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“தெரியாதா?”

“தெரியாதுங்க. கைநாட்டுதான் வைப்பாரு.”

ரெண்டு சிப்பாய்கள் வந்து அவரைப் பின்கதவு வழியாகக் கூட்டிப்போனார்கள். அதிகாரி ஜாமீன் காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலிப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி கேட்டுவிட்டு, “கப்பல் நாளைக்கு மத்தியானம்தானே. காலையில போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள்.

“சொன்னா நான் உள்ள போகணும்டி.”

“நம்ம பொண்ணுக்கு ஜுரம் வந்தப்ப டாக்டர் சீட்டைப் படிச்சுச் சொன்னவர் அவர்.”

“ஏழு வருஷம் நீ என்ன பண்ணுவ?”

வியாழக்கிழமை காலை அவள் என் செருப்பை வாசலில் எடுத்து, தெருப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். நான் அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குத்தான் போனேன். பன்னிரண்டு மணிக்குக் கப்பல் ஊதின சத்தம் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பட்டன் அக்கா என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு நாக்கே இல்லை.

ராசாவை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். எதற்கு மறைத்தாய் என்று கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். ‘நான் பட்டத்து வாரிசு, என் கையெழுத்து பட்டாபிஷேகத்துக்கு வைத்தது.’ கேட்டவர்கள் முதலில் அடித்தார்கள், பிறகு சிரித்தார்கள். கடைசியில் ‘புத்தி சரியில்லாதவர், ஆபத்து இல்லை’ என்று எழுதி விட்டுவிட்டார்கள். உள்ளே போகிறபோது எழுதப் படிக்கத் தெரியாதவர், வெளியே வருகிறபோது பைத்தியம். ரெண்டும் அரசாங்க முத்திரையோடு.

பத்தாம் நாள் காலை வரிசையில் நின்று, வழக்கம்போலப் பூ மாதிரி விரல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். இடது கண் இன்னும் வீங்கியிருந்தது. மத்தியானம் ஒரு சுற்றறிக்கை வந்தது. என் கால் தானாக அவர் மேஜைக்குப் போய்விட்டது. காகிதத்தை வைத்தேன். அவர் மரியாதையாக எடுத்தார். தலைகீழாகப் பிடித்தார். மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதோடு சரி. என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. “நூல் தீந்துடுச்சு மேஸ்திரி”, “நேரமாச்சு மேஸ்திரி” எல்லாம் உண்டு. பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். பட்டன் அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் தப்பாகப் படித்தாலும் திருத்த மாட்டார். நானும் சுற்றறிக்கையைத் தப்பாகப் புரிந்துகொண்டு நானூறு சட்டைக்குக் கழுத்தில் ஒட்டுப்போட வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் குளிரில் ஒட்டுத்துணிக்குப் பஞ்சம் வந்தது. ராசா வீட்டிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து மேஜையில் அவிழ்த்தார். சிவப்புப் பட்டு அங்கி. அவரே கத்தரியை எடுத்து உள்ளங்கை உள்ளங்கையாக வெட்டினார்.

“மந்திரி ஒண்ணும் சொல்லலையா?” என்றாள் அக்கா.

“நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார்.”

எழுபது எண்பது சிப்பாய்கள் ராசா அங்கியை உள்பக்கம் போட்டுக்கொண்டு போருக்குப் போனார்கள். மந்திரி அந்த நாற்காலியிலேயே, போர் முடிய ஆறு மாதம் இருக்கும்போது செத்துப்போனார். தூக்குவதற்கு ராசா, நான், அச்சாபீஸ்காரர் ரெண்டு பேர். தகரப் பெட்டியை, உள்ளே கிடந்த முத்திரையோடு ராசா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

போர் முடிந்த மறுவருஷம் புதுக் கோட்டுப் போட்ட ரெண்டு பேர் கூடத்துக்கு வந்தார்கள். ராசாவின் நாட்டிலிருந்து. மந்திரி சொன்ன மாதிரியே, ஜனங்கள் அவரைத் தேடித்தான் அனுப்பியிருந்தார்கள். எதற்கு என்பதுதான் வேறு. ராசாவே வேண்டாம் என்று ஓட்டுப்போட்டு முடிவு செய்துவிட்டார்களாம். ‘எனக்கும் என் வம்சத்துக்கும் இனி எந்த உரிமையும் இல்லை’ என்று வாரிசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விவகாரம் சுத்தமாக முடியும். அந்தக் கையெழுத்தைப் பேப்பரில் படமாகப் போடுவார்களாம், பள்ளிக்கூடப் புத்தகத்திலும் போடுவார்களாம்.

அவர் எழுந்திருக்கவில்லை. ஊசியைச் சட்டைக் கழுத்தில் குத்திவைத்தார். தங்கை பெயரைச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டார். வந்தவர்களில் பெரியவன் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து விரலால் தேடினான்.

“கப்பல் வந்து இறங்கினதும் எதிரி முகாமுக்குக் கொண்டுபோயிருக்காங்க. முதல் வருஷமே... வருத்தமா இருக்கு.”

ராசா தலையை ஆட்டினார். காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “விரல் வெச்சாப் போதுமா?”

சின்னவன் சிரித்தான். “விளையாடாதீங்க. நாலு பாஷை படிச்சவர்னு எங்க ரெக்கார்டுல இருக்கு.”

“இங்க ரெக்கார்டு வேற மாதிரி இருக்கு. மேஸ்திரியைக் கேளுங்க.”

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இப்போது சுவரில் சிவப்பு எழுத்து இல்லை. உண்மையைச் சொன்னால் என்னை யாரும் எங்கேயும் கொண்டுபோகப் போவதில்லை. ராசா நேராக என்னைப் பார்த்தார். மூணு வருஷத்தில் முதல் தடவை. பட்டன் அக்கா ஊசியை நிறுத்தினாள்.

“தெரியாதுங்க” என்றேன். “எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான்.”

வாசல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். புரட்டிப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பாஷையில் முணுமுணுத்தார்கள். அது ராசாவுக்குப் புரிந்திருக்கும், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் மை வந்தது. அவர் விரல் வைத்தார். இந்தத் தடவை பூ மாதிரி இல்லை. காகிதம் குழிகிற மாதிரி அழுத்தினார். ரேகை தெரியாமல் ஒரே கறுப்பாக விழுந்தது. அதற்குக் கீழே ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று எழுதி, என் கோணல் கையெழுத்தைப் போட்டேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதைப் போட்டார்களா என்று தெரியாது.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். ராசா வெட்டிப்போட்ட துணி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னீங்க மேஸ்திரி” என்றார். “குரல்கூட மாறல.”

பிறகு சட்டைக் கழுத்திலிருந்து ஊசியை உருவினார். ஒரு காஜா பாதியில் நின்றிருந்தது. அதைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.